ஊக்கில் குத்திய வசனம்

பயப்படுவதில் ஞானவடிவை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. மேகம் கறுத்தால் இடி விழும் என்பாள். மேகமே வராவிட்டால் பஞ்சம் வந்துவிட்டது என்பாள். ஆட்டுக்குட்டி இரண்டு தரம் தும்மினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

"நீ பயப்படுறதுக்குன்னே பொறந்தவட்டி. நீ பயப்படாத நாளு வந்தா, அன்னைக்குத்தான் எனக்குப் பயமா இருக்கும்" என்று கட்டிலில் கிடந்தபடி கேலி செய்வான் அவள் கணவன் இஸ்ரவேல். பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவன் அவன். வாய் மட்டும் ஒடியாமல் தப்பித்துக்கொண்டது.

ஆனால் அவள் பயம் முழுக்கப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அறுபதுகளின் தொடக்கம் அது. கரிசல் காட்டில் மழை பொய்த்துக்கொண்டே வந்தது. இஸ்ரவேல் விழுந்த பிறகு பனைக்குப் போக வீட்டில் ஆளில்லை. ஒரே மகள் சாராளுக்குப் பதினாறு வயது. சிவகாசிக்குப் போகும் ரோட்டில் புதிதாக ஒரு பட்டாசுக் கம்பெனி திறந்தார்கள். தீபாவளி சீசனுக்கு ஆள் வேண்டுமென்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வீட்டுப் பஞ்சம்மாள் தன் மகள் சோலையம்மாளை அனுப்பினாள். சாராளும், "நானும் போறேம்மா, சோலைகூட" என்று கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல ஞானவடிவின் வாய் வரைக்கும் வந்தது. அடுப்பைப் பார்த்தாள். சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் நடந்தாள். கம்பெனி ஓட்டுக் கொட்டகைகள் கம்மாய்க் கரையில் நின்றால் தெரியும். விறகு பொறுக்குகிற சாக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பாள். எங்கேயாவது புகை கிளம்பினால் போதும், அது செங்கல் சூளையா கருவேல முள்ளா என்று தெரிகிறவரை நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஞானவடிவு மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றவள். சங்கீதங்களை வரி பிசகாமல் சொல்வாள். அவற்றில் ஒன்றை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உன் பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாது என்று கர்த்தர் வாக்குக் கொடுக்கிற இடம். தினமும் காலையில் மகளின் தலையில் கைவைத்து அதைச் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? விடவில்லை. பட்டாசுக்குத் தாள் குழாய் சுற்றுவதற்கென்று கம்பெனி அச்சாபீசிலிருந்து வாங்கி, சாராள் வீட்டுக்குக் கொண்டுவந்த காலண்டர் வெட்டுத்தாளில் ஒரு துண்டைக் கிழித்து, அந்த வசனத்தை எழுதி, நாலாய் மடித்து, சாராளின் தாவணி முந்தியின் உள்பக்கம் ஊக்கால் குத்தி அனுப்பினாள். சாயங்காலம் மகள் வந்ததும் முதலில் ஊக்கைத்தான் தொட்டுப் பார்ப்பாள். சோறு அப்புறம்தான்.

ஊர் வேதக்கோயில் உபதேசியாருக்கு இது தெரிந்துவிட்டது. ஆராதனை முடிந்து வாசலில் வைத்தே கேட்டார்.

"என்னம்மா ஞானவடிவு, வேதவசனத்தைத் தாயத்து மாதிரி குத்தி அனுப்புதியாமே? தாள்லயா இருக்காரு ஆண்டவரு?"

"உங்க மகன் பள்ளிக்கூட வாத்தியாரு ஐயா. நாற்காலி வெடிக்காது. நீங்க என்ன வேணும்னாலும் பேசுவீக" என்று ஞானவடிவு பட்டென்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

பஞ்சம்மாளுக்கும் விஷயம் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. ஒரு நாள் காலையில் இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள்.

"மதினி, எஞ் சோலைக்கும் அதுல ஒண்ணு எழுதித் தாங்க. எம்புட்டுச் சாமி காவலுக்கு நின்னாலும் நல்லதுதான?"

ஞானவடிவு தடுமாறினாள். "அது வந்து மதினி... அது எங்க வேதம்லா? ஞானஸ்நானம் வாங்கினவுகளுக்குத்தான்..." என்று இழுத்தாள்.

உண்மை அதுவல்ல. அப்படி ஒரு சட்டம் எங்கேயும் கிடையாது, அது அவளுக்கும் தெரியும். காவலைப் பங்கு போட்டால் தன் மகளுக்குக் குறைந்துபோகுமோ என்று உள்ளுக்குள் ஒரு அற்பப் பயம். ஒரு கூரையை இரண்டு வீட்டுக்கு இழுத்து மூடினால் இரண்டும் ஒழுகும் அல்லவா, அந்த மாதிரி ஒரு கணக்கு. பஞ்சம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். மறுநாள் சோலையம்மாளின் கையில் முனியசாமி கோயில் கயிறு ஒன்று கிடந்தது.

ஐப்பசி பிறந்து சீசன் சூடு பிடித்தது. ஆர்டர் குவிந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்தார்கள். அதற்கும் ஞானவடிவு பயந்தாள். ஓய்வுநாளை மீறினால் ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்று.

பயந்தது நடந்தது, ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் அல்ல. சாதாரண ஒரு வியாழன், உச்சிப் பொழுது. கம்மாய்க் கரையில் விறகுக் கட்டைத் தூக்கப் போனவளுக்கு முதலில் உள்ளங்காலில்தான் தெரிந்தது. தரை ஒரு தரம் உதறியது. அப்புறம்தான் சத்தம் வந்தது. கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின. கொட்டகைகளின் பக்கம் வெள்ளைப் புகை குடையாய் விரிந்தது. இது சூளை இல்லை. கருவேல முள்ளும் இல்லை.

"யாத்தே! எம் புள்ள!"

அலறியது அவள் இல்லை. களை வெட்டிக்கொண்டிருந்த பஞ்சம்மாள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ரோட்டு விலக்கில் நிற்கும் வேப்பமரத்தைக் கடந்து, ஓடை மணலில் கால் புதையப் புதைய ஓடினார்கள். ஓடும்போதே வசனத்தைச் சொல்லப் பார்த்தாள். "ஆயிரம் பேர் விழுந்தாலும்" என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. விழப்போவது யார்? கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாளே, இவளுடைய மகளா? இத்தனை நாளாகத் தினமும் காலையில் தான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா?

கம்பெனி வாசலில் கூட்டம் அலைமோதியது. உள்ளே விடவில்லை. வெடிமருந்து இன்னும் இருக்கிறது, மறுபடியும் வெடிக்கும் என்றார்கள். ஒவ்வொரு வாயும் ஒவ்வொன்று சொன்னது. நாலு பேர் என்றான் ஒருவன். பத்துக்கு மேலே என்றான் இன்னொருவன். தலையில் துண்டு கட்டிய ஒரு ஆள் எல்லாம் தெரிந்தவன்போலச் சொன்னான்:

"எவளாவது இரும்பக் கொண்டுக்கிட்டு உள்ள போயிருப்பா. அதான் சங்கதி. மருந்துக்கிட்ட இரும்பு ஒரசுனா போச்சு. ஆணி வேண்டாம், அருவா வேண்டாம். ஒரு ஊக்கு போதும்."

ஞானவடிவுக்குக் காது அடைத்துக்கொண்டது.

ஊக்கு. அவள் கையால் குத்திய ஊக்கு. இன்றைக்குக் காலையில்கூட, துருப்பிடித்திருக்கிறதே என்று பழைய ஊக்கை மாற்றிப் பெரிதாக ஒன்றைப் பார்த்துக் குத்தினாளே. கர்த்தருடைய வசனத்தை நெருப்புக்கு நடுவில் இரும்பில் கோத்து அனுப்பியவள் அவள்தான். தன் மகளைத் தானே கொன்றுவிட்டாள். இங்கே மாரில் அடித்துக்கொண்டு நிற்கிற அத்தனை பேர் பிள்ளைகளையும் கொன்றுவிட்டாள்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். மறைத்து வைக்க அவளால் முடியவில்லை.

"மதினி... ஊக்கு... நாந்தான் குத்தி அனுப்புனேன். சாராளு முந்தியில."

பஞ்சம்மாள் அவளைப் பார்த்தாள். பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் போயிற்று என்று ஞானவடிவுக்குத் தெரியாது. ஜெபம் என்று ஒன்றும் வரவில்லை. சங்கீதம் முழுவதும் மறந்துபோனது. "ஆண்டவரே, அந்த ஊக்கு, அந்த ஊக்கு" என்பது மட்டும் வாயில் ஓடியது. அதையும் ஜெபம் என்று கணக்கில் எடுத்தாரோ என்னவோ!

"அம்மா!"

ஓடைப் பக்கமிருந்து பெண்பிள்ளைகள் சிலர் வந்தார்கள். முகமெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி. எது யார் பிள்ளை என்று அடையாளம் தெரியவில்லை. அவர்களில் ஒருத்தி சாராள். ஞானவடிவு எழுந்து ஓடி அவளைத் தடவினாள், முகம், கை, தோள் என்று. பிறகு முந்தியை இழுத்து உள்பக்கம் பார்த்தாள். ஒன்றுமில்லை. குத்திய ஓட்டை மட்டும் இருந்தது.

"ஊக்கு எங்கட்டி? எங்க போச்சு ஊக்கு?"

சாராளுக்கு அம்மாவின் கேள்வி விளங்கவே கொஞ்ச நேரமானது. "இரும்போட யாரும்மா உள்ள போவா? வாசல்லயே தடவிப் பாப்பாக. வெலக்குல இருக்குலா வேப்பமரம், அதுல குத்தி வச்சிட்டுத்தான் தெனமும் போவேன். வரும்போது எடுத்து மாட்டிக்கிடுவேன். சொன்னா நீ இன்னும் பயப்படுவ."

"அப்ப வசனம்?"

"அதான் மனப்பாடமா இருக்கே. தாளு எதுக்கு?"

ஞானவடிவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இத்தனை நாளும் வசனம் வேப்பமரத்துக்குத்தான் காவல் இருந்திருக்கிறது!

"சோலை எங்க?" என்றாள் பஞ்சம்மாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்.

சாராள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்கா அத்தை. கை ரெண்டும்... வெயில்ல காயப்போட்ட மருந்துதான் தீப்புடிச்சது. அள்ள அவளத்தான் அனுப்பியிருந்தாக. ஓடைக்குள்ள இழுத்துட்டு வந்து போட்டோம். என்னைப் புடிச்சிக்கிட்டு, 'அதச் சொல்லுட்டி, அதச் சொல்லு'ன்னா. ரெண்டு பேருமாத்தான் சொன்னோம். குழாய் சுத்தும்போது நான் சொல்லிச் சொல்லி அவளுக்கும் எப்பவோ மனப்பாடம்."

தாய் கொடுக்க மறுத்ததை மகள் என்றைக்கோ கொடுத்து முடித்திருந்தாள். சோலையம்மாளை லாரியில் ஏற்றியபோது, யாரும் கூப்பிடாமலே ஞானவடிவும் ஏறிப் பஞ்சம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். சோலை பிழைத்துக்கொள்வாள், விரல்களைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாயும்போது பஞ்சம்மாள் ஞானவடிவின் பக்கம் திரும்பினாள்.

"அவளும் சொன்னாளாம்லா மதினி. ரெண்டு பேருந்தான சொன்னாக. எம் புள்ளைக்கு மட்டும் ஏன்?"

உபதேசியார் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். "எனக்குத் தெரியலையே மதினி" என்று ஞானவடிவு உடைந்து அழுதாள். "சத்தியமாத் தெரியல. நான் ஒரு வரியத்தான் கெட்டியாப் புடிச்சிருந்தேன், எம் மக தப்பணும்னு. அதை இப்ப ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வராது."

"பெறகு என்னதான் இருக்கு அதுல?"

ஞானவடிவு கண்ணை மூடி, மறந்துபோன சங்கீதத்தை அடியிலிருந்து தேடினாள். கடைசியில், தான் எப்போதும் அவசரமாக ஓட்டிவிட்டுப் போகும் இடத்தில், ஒன்று கிடைத்தது.

"ஆபத்துல நான் அவன்கூட இருப்பேங்காரு. ஆபத்தே வராதுன்னு மட்டும் இல்ல மதினி, வந்தா அதுக்குள்ளயும் கூட இருப்பேங்காரு. இத்தன வருசமா வாசிக்கேன். இன்னைக்குத்தான் கண்ணுல படுது."

உள்ளே சோலை முனகினாள். இருவரும் எழுந்து போனார்கள். ஒருத்தி தலைமாட்டில் உட்கார்ந்தாள், மற்றவள் கால்மாட்டில். சோலை ஆஸ்பத்திரியில் கிடந்தவரை முறை வைத்துக்கொண்டு இருவரும் மாறி மாறி இருந்தார்கள்.

தீபாவளி போய்க் கார்த்திகை பிறந்ததும் கம்பெனியை மறுபடியும் திறந்தார்கள். சாராள் போகத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. விடிந்ததும் வாசலில் மகளின் தலையில் கைவைத்து ஞானவடிவு ஜெபித்தாள். தாளும் இல்லை, ஊக்கும் இல்லை. கண்ணைத் திறந்தபோது எதிரே பஞ்சம்மாள் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க எங்க மதினி?"

"கம்பெனிக்குத்தான். சோலைக்கு வெரலு மடங்குறதுக்கு இன்னும் நாளாகும்னுட்டாக. அவ எடத்துக்கு நான் போறேன்." பஞ்சம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "போன தடவ மாதிரி சட்டம் பேசாதீக. எந் தலையிலயும் கைய வையிங்க."

ஞானவடிவு கையை வைத்தாள். வழக்கமான வரியை விட்டுவிட்டு, ஆபத்தில் கூட இருப்பேன் என்கிற வரியைச் சொன்னாள். இத்தனை நாள் ஒரு மகளுக்காகப் பயந்தது போதாதென்று இனி இவளுக்காகவும் பயப்பட வேண்டும்.

"கை ஆடுது மதினி" என்றாள் பஞ்சம்மாள், குனிந்த தலையை நிமிர்த்தாமலே.

"ஆடத்தான் செய்யும். ஆடுனாலும் எடுக்க மாட்டேன், நில்லுங்க."