மஞ்சள் ஸ்டாக்கிங்ஸ்

என் மகளுக்குக் கல்லூரியில் இடம் உறுதி என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி, ஒரு ஜோடி மஞ்சள் ஸ்டாக்கிங்ஸ்.

தாம்பரம் பக்கத்தில் இருக்கும் கல்லூரி அது. பெண்கள் கால்பந்து அணிக்கு ஆள் எடுப்பதில் அங்கே ஒரு வழக்கம். பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே பிள்ளைகளை வரவழைத்து ஆடவிட்டுப் பார்ப்பார்கள். கோச்சுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டால், முட்டி வரை இழுத்துவிடும் அந்த நீள சாக்ஸை, கல்லூரியின் மஞ்சள் நிறத்தில், அவள் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு உறுதி, ஃபீஸ் கிடையாது. வாங்கிக்கொண்ட பெண் வேறு கல்லூரிக்குப் போகக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லை. வாய் வார்த்தையும் சாக்ஸும்தான்.

என் மகள் கோல்கீப்பர். பந்துக்காக விழுந்து விழுந்து அவள் முழங்கையில் தோல் நின்றதே இல்லை. நான் கீழ்க்கட்டளையில் பிளவுஸ் தைத்துக் குடும்பம் நடத்துகிறவள். ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்க எனக்கு வழியில்லை. அதனால் கோச் சார் ஸ்டாக்கிங்ஸைக் கொடுத்த அன்று, அந்த வெயிலிலேயே அவரைக் கும்பிட்டேன். இன்னொரு கல்லூரியும் அவளைக் கூப்பிட்டிருந்தது. வழக்கம் வழக்கம்தானே என்று அங்கே வரமாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

ரிசல்ட் வந்த வாரத்தில் கோச் சார் வேலையை விட்டுவிட்டு நாவலூர் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போய்விட்டார்.

போன் செய்தேன். "நான் சொல்லிட்டுத்தாம்மா வந்திருக்கேன், பாத்துக்குவாங்க" என்றார். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக நழுவினார். அவர் போன இடத்தில் பெண்கள் அணியே கிடையாது, அங்கே வருகிறோம் என்று கேட்கவும் வழியில்லை. நாங்கள் வேண்டாம் என்ற கல்லூரியிலோ இடம் நிரம்பிவிட்டது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

புது கோச் ஒரு மேடம், வேறொரு கல்லூரியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். அவர் வந்த செய்தியோடு இன்னொரு செய்தியும் வந்தது. அணியில் ஏற்கெனவே ஆடும் சீனியர் பெண் ஒருத்தி என் மகளிடம், "மேடம் பழைய காலேஜ்ல எடுத்து வெச்ச கோல்கீப்பர் பொண்ணு அவங்களோடவே இங்க வந்துடப் போறாளாம். சூப்பரா ஆடுவாளாம்" என்று சொல்லியிருக்கிறாள். கோல்கீப்பருக்கு என்று இருந்ததோ ஒரே சீட்டு. என் மகள் அன்று சாப்பிடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அந்த வாயையும் ஸ்டாக்கிங்ஸையும் எடுத்துக்கொண்டு தாம்பரம் பஸ் ஏறினேன்.

மேடம் மைதானத்தில் குனிந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்டாக்கிங்ஸை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது இன்னான்னு தெரியுமா மேடம்?"

"தெரியாதும்மா. சொல்லுங்க."

சொன்னேன். வழக்கத்தைச் சொன்னேன், நம்பி விட்டுக்கொடுத்த இன்னொரு சீட்டைச் சொன்னேன், நட்டாற்றில் விட்டுப்போன சாரைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னேன். அவர் சுண்ணாம்புக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஸ்டாக்கிங்ஸை வாங்கிப் பார்த்தார்.

"இந்தக் கலர் யாரோடதும்மா?"

"காலேஜோடது."

"அப்போ காலேஜ் குடுத்த வார்த்தை. சார் போனா அதுவும் கூடவே போயிடுமா? உங்க பொண்ணு சீட்டு அப்படியே இருக்கு. ஆனா டீம்ல ஆடுறது அவ திறமை. அதுக்கு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

சண்டைக்கு என்று கட்டிக்கொண்டு போனதெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது. இருந்தாலும் விடவில்லை. "அப்போ உங்க பழைய காலேஜ் பொண்ணு ஒருத்தி வர்றாளாமே?"

அவர் ஸ்டாக்கிங்ஸை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "வர்றேன்னு அழுதா. நான்தான் வேணாம்னுட்டேன். அவளுக்கு அந்தக் காலேஜ் சார்பாதான் வாக்கு குடுத்தேன், அவங்கதான் காப்பாத்தணும். என் இடத்துக்கு வந்த சாருக்கு தினம் போன் பண்ணி, அந்தப் பசங்கள விட்டுடாதீங்கன்னு கெஞ்சிட்டிருக்கேன். இங்க உங்க பொண்ண வெளிய அனுப்பிட்டு, அந்தப் போனை எந்த மூஞ்சியோட பண்றது?"

இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஸ்டாக்கிங்ஸை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தேன்.

மகள் சேர்ந்தாள். மேடம் சொன்னபடியே சலுகை எதுவும் கிடைக்கவில்லை. முதல் வருஷம் பூராவும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கையால் பிடிப்பதில் கெட்டிக்காரி, காலால் உதைத்தால் பந்து பாதி மைதானம்கூடப் போகாது. தினமும் காலையில் மேடம் அவளை உதைக்க வைத்தார். இரண்டாம் வருஷம்தான் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் நின்றாள்.

அவள் நின்ற முதல் பெரிய ஆட்டமே மேடத்தின் பழைய கல்லூரியோடு, எங்கள் மைதானத்தில். எதிர்ப்பக்கம் கோல்கீப்பராக ஒரு நெட்டைப் பெண். எங்கள் பெண்கள் அடித்த பந்தை எல்லாம் பூப்பறிப்பதுபோலப் பறித்துப் போட்டாள். கடைசியில் என் மகள் கையை உரசிக்கொண்டு ஒரு பந்து உள்ளே போய்விட்டது. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

பக்கத்தில் இருந்த ஒரு தகப்பனார், "அந்த நெட்டைப் பொண்ணுதான் மேடத்தோட பழைய பொண்ணு. கூட்டிட்டு வந்திருந்தா இன்னிக்கி நாமதான் ஜெயிச்சிருப்போம்" என்றார். என் வாய் நீளம் அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னது உண்மைதான்.

என் மகள் கோல் போஸ்ட்டில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். மேடம் நேரே அவளிடம் போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பிடித்த கையை விடாமல் மைதானத்தைக் கடந்து அந்த நெட்டைப் பெண்ணிடம் கூட்டிப்போனார். நானும் கம்பி வேலி ஓரமாக ஓடினேன்.

அந்தப் பெண் என் மகளை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அது? உன் சீட்டுக்காகத்தான் மேடம் என்னை வர வேணாம்னு சொன்னாங்க."

என் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன் சீட்டு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"புது சார் குடுத்துட்டாரு. மேடம் போன் தாங்க முடியாம குடுத்தேன்னு இன்னும் சொல்லிக் காட்டுவாரு."

மூன்று பேரும் சிரித்தார்கள். மேடம் இரண்டு பெண்களையும் இரண்டு பக்கம் அணைத்துக்கொண்டார். இருவர் காலிலும் அவரவர் கல்லூரி ஸ்டாக்கிங்ஸ், இரண்டிலும் ஒரே மண். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தோற்ற ஆட்டத்துக்கு நான் கைதட்டியது அன்றைக்குத்தான்.