பாவாவின் படவ

திருத்தணியில் சொந்தமாகப் படகு வைத்திருந்த ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். முருகனுக்குத் தெப்பம் உண்டு, ஆனால் அவரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஊரில் நந்தியாறு என்று ஓர் ஆறு ஓடுவதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் பார்த்ததெல்லாம் அதன்மேல் கட்டிய பாலத்தைத்தான். அப்படிப்பட்ட ஊரில், தெருவே குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நின்றுகொண்டிருந்த ஓர் ஆடி மாதத்தில், என் அக்காவின் கணவர் ஒரு மோட்டார் படகைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார்.

எங்கள் வீட்டில் பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. அப்பாவை நைனா என்போம், அக்கா கணவர் எனக்குப் பாவா. நைனா விசைத்தறி போட்டு லுங்கி நெய்துகொண்டிருந்தார். பாவாவுக்கு அரக்கோணத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டாரோ மிக்சியோ, புகைந்துபோய் எது வந்தாலும் பிரித்துப்போட்டு, செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி ஓட வைத்துவிடுவார். அதிகம் பேசமாட்டார்.

அந்த வருடம் சித்திரையில், பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவுக்குக் குழந்தை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. எனக்கு அப்போது பத்து வயது. குழந்தையைச் சாமி எடுத்துக்கொண்டது என்று என்னிடம் சொன்னார்கள். மலைமேல் இருப்பவர்மேல் எனக்குப் பொல்லாத கோபம் வந்து, பரீட்சைக்கு மட்டும் கும்பிட்டுவிட்டு மற்ற நாட்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. பேசுவதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாவா மின்சார ரயிலில் வருவார். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அக்கா எழுந்து தறிக் கொட்டகைக்குள் போய்விடுவாள். தறி ஓடும்போது அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. பாவா கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்து, நைனாவோடு மழை வராததைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அடுத்த ரயிலைப் பிடித்துப் போய்விடுவார். மகள் இனி அரக்கோணத்துக்குப் போகவே மாட்டாளோ என்று அம்மா சமையலறையில் புலம்புவாள். பாவாவுக்கும் அதே பயம்தான். ஆனால் ஒரு மாப்பிள்ளை என்ன சாக்கு வைத்துக்கொண்டு எத்தனை தடவைதான் மாமனார் வீட்டுப் படியேறுவது? தெருவும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது.

அப்போதுதான் படகு வந்தது. எங்கேயோ ஓர் ஏரியில் படகுச் சவாரி நடத்திய ஒருவர், ஏரி வற்றியதும் அதை மூடிவிட்டாராம். அவருடைய பம்பு மோட்டாரைக் கழற்றப் போன பாவா, கருவேல மரத்தடியில் ஆடுகள் படுத்திருந்த இந்தப் படகைப் பார்த்திருக்கிறார். கேட்டதும், எடுத்துக்கொண்டு போனால் இடமாவது சுத்தமாகும் என்று கொடுத்துவிட்டார் அந்த மனிதர். பாவா அதைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் நுழைந்த நேரம், ஆடிக் கிருத்திகைக் கூட்டம். காவடிகளுக்கு நடுவே படகு வருவதைப் பார்த்ததும் சனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “தெப்பத்துக்குங்களா?” என்று கேட்டார். கூச்ச சுபாவமுள்ள பாவா, “ஆங்” என்று சொல்லிவிட்டார். எங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது படகின் மூக்கில் சம்பங்கி மாலையும் குங்குமமும் இருந்தன. உள்ளே ஆட்டுப் புழுக்கையும் இருந்தது.

நைனா வெளியே வந்து படகைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

“இன்னா மாப்ள இது?”

“போட்டு மாமா.”

“அது தெரியுது.”

கடையில் இடமில்லை, இங்கே வைத்துச் சரிபண்ணிக்கொள்கிறேன், கடை சாத்திவிட்டுத் தினமும் வந்து பார்க்கிறேன் என்று பாவா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நைனா மறுபடி ஒரு தடவை வானத்தைப் பார்த்தார். கொல்லையில் போடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அந்த நிமிடமே என்னைக் கேப்டனாக நியமித்துக்கொண்டேன்.

தெலுங்கில் படகைப் படவ என்போம். எங்கள் வீட்டில் யாரும் அதைப் படகு என்று சொன்னதில்லை. அம்மாவுக்கோ அது வந்த நாளிலிருந்தே ஆகவில்லை. துணி துவைக்கும் கல்லுக்கும் கறிவேப்பிலை மரத்துக்கும் நடுவே மல்லாந்து கிடந்து, போகவர விடாமல் இடித்துக்கொண்டிருந்தது. “இந்தப் படவ எப்பதான் வூட்ட வுட்டுக் கெளம்பப் போவுதோ, குறுக்கால படுத்துகினு கெடக்குது” என்று தினமும் சத்தம் போடுவாள். பக்கத்து வீட்டில் மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு குடும்பம் குடிவந்திருந்தது. ஒருநாள் அந்த வீட்டு அத்தை, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன மனக்கசப்பு இருந்தாலும், வீட்டு மாப்பிள்ளையைப் படவா என்று தெரு கேட்கத் திட்டலாமா என்று கண் கலங்கக் கேட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாவாவிடம் நான் இதைச் சொன்னபோது அவர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவரே சாயந்தரம் வாசலில் நின்று, “அத்த, படவா வந்துட்டான்” என்று அம்மாவுக்குக் குரல் கொடுப்பார்.

பாவா அதற்கு முன் படகில் ஏறியதுகூடக் கிடையாது. அவருக்குத் தெரிந்தது கரண்டு மோட்டார். இதுவோ படகின் பின்னால் தொங்கும் பெட்ரோல் இன்ஜின். மோட்டார் என்கிற பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கைப்பேசியில் ஒரு மலையாளத்துக்காரர் படகு இன்ஜினைப் பிரிக்கும் வீடியோவைப் போட்டுப்போட்டுப் பார்ப்பார். மலையாளத்தில் பாதி புரியும், இன்ஜினில் பாதி புரியும். மீதிக்கு என்னைப் பார்ப்பார். எனக்கு எல்லாமே புரிந்துவிட்டதாக நான் தலையாட்டுவேன்.

ஒருநாள் இன்ஜின் ஓடுகிறதா என்று பார்க்க, பழைய சாய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் அதை மாட்டிக் கயிற்றை இழுத்தார். இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோன நேரத்தில் அது திடீரென்று உயிர் வந்து உறுமியது. டிரம்மின் அடியில் காய்ந்து கிடந்த மெரூன் சாயம் அத்தனையும் பாவாமேல் அடித்தது. சத்தம் கேட்டு அக்கா பின்கட்டு வாசலுக்கு வந்தாள். அவர் கொல்லையில் இருக்கும்போது அவள் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. தலை முதல் கால் வரை மெரூனாக நின்றவரைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துவந்து கொடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். பாவா துண்டை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சாயம் கண்ணில் இறங்கிவிட்டதென்று நினைத்து நான் தண்ணீர் கொண்டு ஓடினேன்.

அடுத்த தலைவலி ஓட்டை. படகின் அடிப்பாகம் வெடித்து நீளமாக விரிசல் விட்டிருந்தது. அதன்மேல் கண்ணாடி நார் விரிப்பை வைத்துப் பசை பூசினால் கல்லாக இறுகிவிடும் என்று அதை விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். விரிப்பு பாதி விரிசலுக்குத்தான் வந்தது. பாவா குந்தி உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருந்தபோது, அதுவரை கொல்லைப் பக்கம் எட்டிப்பார்க்காத நைனா, அன்றைக்குத் தறியிலிருந்து அறுத்த துணியோடு வந்தார். சிவப்புக் கட்டம் போட்ட லுங்கித் துணி, முறுமுறுவென்று இருந்தது. “நம்ம துணிய வெச்சு ஒட்டுங்க மாப்ள. கஞ்சி நல்லா ஏறினது. தண்ணி ஒரு சொட்டு எறங்காது” என்றார். மாமனார் தானாக வந்து ஒரு பொருள் கொடுக்கிறார் என்பதில் பாவாவுக்கு வாயெல்லாம் பல்.

அப்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. “கஞ்சிய அலசிட்டு ஒட்டுங்க.”

மூன்று பேரும் திரும்பினோம். எத்தனையோ மாதம் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு. அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. தறியில் அறுந்துபோகாமல் இருக்க, நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். அலசாத துணியில் பசை ஒட்டினால் அது கஞ்சியைத்தான் பிடிக்கும், நூலைப் பிடிக்காது. தண்ணீரில் ஊறினால் கஞ்சி கரைந்துவிடும். அவள் தறிக்காரர் மகள், இது தெரியாமலா இருக்கும்? நைனாவுக்கும் தெரியும். ஆனால் கஞ்சி என்றாலே அவருக்குப் பெருமை. தன் துணியைக் குறை சொன்னது காதில் விழாத மாதிரி அவர் மாட்டுத்தொழுவத்தைப் பார்த்தார். எங்களிடம் மாடு கிடையாது. பாவா, “ஆங், ஆங்” என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு பசையைக் கலக்கி, துணியை அப்படியே போட்டு ஒட்டினார். முகம் மட்டும் கல்யாண போட்டோவில் இருக்கும் முகம் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா சாயந்தரங்களில் பின்படியில் வந்து உட்கார ஆரம்பித்தாள். பெயிண்டு வழிகிறது என்பாள், ஆணி கோணலாக இருக்கிறது என்பாள். நீலம் வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். ஒருநாள் என் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கி ஓரமெல்லாம் அவளே அடித்தாள். கேப்டனுக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அரக்கோணம் என்று பேச்செடுத்தால் பிரஷை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். சிரிக்கவும் இல்லை. அம்மாவுக்குப் படகின்மேல் இருந்த கோபம் மட்டும் எங்கேயோ காணாமல் போயிற்று. பாவா வரும் நேரத்துக்கு அவளே கொல்லை விளக்கைப் போட்டு வைப்பாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருடம் பெய்த மாதிரி நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. நந்தியாறு, தான் இருப்பதைப் பாலத்துக்கு வந்து காட்டிவிட்டுப் போனது. கே.ஜி.கண்டிகைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏரி நிறைந்து கடல் மாதிரி கிடந்தது. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே குட்டி யானையில் படகையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு போனோம். அம்மா மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தாள். கேப்டனான என்னைத் தண்ணீரில் விட அம்மா ஒப்பவில்லை. முதல் சவாரி பெரியவருக்குத்தான் என்று, சலவை வேட்டி கட்டி வந்திருந்த நைனாவை நடுப்பலகையில் உட்கார வைத்தார் பாவா. நான் கரையில் நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இன்ஜின் கிளம்பியது. படகு ஓடியது, உண்மையாகவே ஓடியது. கரையில் கூடியிருந்த ஊர்ப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். படகு தூரத்தில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பியபோது, நைனா தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். எனக்கு அழுகை வரும் அளவுக்குப் பெருமையாக இருந்தது. அப்போதுதான் படகுக்குப் பின்னால் தண்ணீரில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. சிவப்புக் கட்டம். நைனாவின் லுங்கித் துணி அடியிலிருந்து உரிந்து, நீளமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அது போய் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் இருமிவிட்டு நின்றது. படகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

பாவா ஐயோ என்று தண்ணீரில் குதித்தார். தண்ணீர் அவர் இடுப்புக்குத்தான் இருந்தது. அவர் படகைப் பிடித்து இழுக்க இழுக்க, அது அலட்டிக்கொள்ளாமல் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நைனா அசையவில்லை. நடுப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, தண்ணீர் நெஞ்சு வரை வந்த பிறகு கேட்டார்.

“இன்னா மாப்ள, எறங்கலாமா?”

என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அக்கா வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். பிறகு மூட முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். எழுந்து, சிரித்துக்கொண்டே தண்ணீர் ஓரத்துக்கு இறங்கிப் போனாள்.

“நான்தான் சொன்னேன் இல்ல, அலசிட்டு ஒட்டுங்கன்னு?”

“ஆங், சொன்ன.”

“காதுல வாங்கினீங்களா?”

பாவா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னார். “நீ பேசினது கேட்டுது. இன்னா சொன்னியோ அது கேக்கல.”

அக்காவின் சிரிப்பு நின்றது. பிறகு புடவையோடு தண்ணீரில் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தாள். அவர்களுக்கு மிக அருகில், நெஞ்சளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்த நைனா, எதிர்க்கரையில் நின்ற பனைமரங்களை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மாதக்கணக்கில் பாடுபட்ட படகு கண்முன்னால் மூழ்குகிறது, இவள் சிரிக்கிறாள். ஊர்ப் பிள்ளைகளும் சிரித்தார்கள். கடைசியில் பாவாவும் சிரித்தார். இவர்களோடு ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று நான் முடிவெடுத்துக்கொண்டிருந்தபோது, அக்கா ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறி வந்து அம்மாவிடம் சொன்னாள். “சாயந்தரம் வண்டிக்கு நானும் இவரோட கெளம்பறேம்மா.”

அவள் அந்தப் பக்கம் போனதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதாள். அந்தக் கூட்டத்தில் படகுக்காக வருத்தப்பட ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. கிட்டே போய் அவள் கண்ணைத் துடைத்தேன்.

“அழுவாதம்மா. படவய ரிப்பேர் பண்ணிக்கலாம்.”

“ஆங், பண்ணிக்கலாம், பண்ணிக்கலாம்” என்று அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, முன்பைவிட அதிகமாக அழுதாள். ஒரு படகு மூழ்கியதற்கு இத்தனை அழுகையா, கேப்டனான நானே இவ்வளவு அழவில்லையே என்று எனக்குத் தோன்றியது.