வலிக்கு ஒரு சொல்

அகராதி ஆபீசில் சொற்களுக்கு வேர் தேடுவதே அவர் வேலை என்பதால், தெருவில் அவருக்கு வேர்க்காரர் என்றே பெயர். நல்ல மனுஷர்தான். ஆனால் அவரிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது. ஜன்னலைச் சாத்துங்க என்றால், அந்தச் சொல் போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்த கதையை ஆரம்பித்துவிடுவார். மழை பாட்டுக்கு உள்ளே அடித்துக்கொண்டிருக்கும். விருந்தாளி ஒருவர் அவசரமாகக் கக்கூஸ் எங்கே என்று கேட்கப்போய், அது டச்சுக்காரர் விட்டுப்போன சொல் என்பதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. பாவம்.

அவர் மனைவிக்குத் தாய்மொழி வேறு. மலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு, எழுத்தே கிடையாது. கல்யாணமான புதிதில், தான் வாய் திறந்தாலே புருஷன் முகம் மலர்கிறதே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மலர்ந்தது சொல்லுக்காகத்தான், தனக்காக இல்லை என்று புரிய ரொம்ப நாள் பிடித்தது.

ஒருநாள் காலை, அடுப்படியில் நின்றவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அம்மா வீட்டுச் சொல் ஒன்றைச் சொன்னாள். அவர் அதுவரை கேட்டிராத சொல். ஆபீசுக்குக் கிளம்பியவர் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து அர்த்தம் கேட்டார். நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றிவைத்த மாதிரி வலி என்றாள். உங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்களா, வயசானவர்கள் மட்டுமா, அக்கம்பக்கத்து மொழிகளில் இதே சாயலில் ஏதாவது உண்டா என்று அடுக்கிக்கொண்டே போனார் மனுஷர். அவளும் சுவரில் சாய்ந்தபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அப்படியே பழகிப்போயிருந்தாள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை. சரிந்து தரையில் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வலி எந்தப் பக்கம், கைக்கு இறங்கியதா, மூச்சு வாங்கியதா என்று கேட்டார். வேர்க்காரருக்கு ஒன்றுமே தெரியவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். பார்க்க விட்டதும் கட்டிலோரம் போய் நின்று, இப்போது எங்கே வலிக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

அடுத்து நர்ஸ் வந்து அதையே கேட்டாள். இடது தோளில் இங்கே, இருமினால் இங்கே என்று மனைவி அவளுக்கு மட்டும் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். நர்ஸ் போகிறவரை அவர் தலைகுனிந்து நின்றார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அவள் குரலில் கோபமே இல்லை.

"உங்ககிட்டதானேங்க முதல்ல சொன்னேன்."