வால்தம்ஸ்டோ சதுப்பின் ஏழடி மனிதன்

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரெய்னர்ஸ் லேன் நிலையத்தின் படிகளில் இறங்கினேன். வீட்டில் காஸ் அடுப்பை மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன். நான்காவது முறையும் பார்த்திருக்கலாமே என்ற எண்ணம் வெம்ப்ளி பார்க் வரை என்னுடன் பயணம் செய்தது. சனிக்கிழமையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வார நாட்களில் முதியோர் பயண அட்டை காலை ஒன்பது மணிக்கு முன் செல்லாது. நான் தேடிப்போனதோ விடியும் நேரத்தில் மட்டுமே காணப்படுவது.

தோள்பையில் ஐந்து மீற்றர் அளவு நாடா, டோர்ச், இரண்டு வாழைப்பழம், ஒரு சோடி மாற்றுக் காலுறை, மூச்சுத் திணறலுக்கான பம்ப். லண்டன் நகரத்துக்குள் உடம்பெல்லாம் சடை மூடிய ஏழடி மனிதனைத் தேடிப் போகிறவன் இவற்றைத் தவிர வேறு என்ன கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதைக் கண்டவர் என் நண்பர் சவிரிமுத்து. மன்னார்க்காரர். லெய்ட்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நாங்கள் இருவரும் பதினொரு வருடம் ஒன்றாக இரவு ஷிப்ட் செய்தோம். ஊரில் நான் நில அளவையாளனாக இருந்தேன் என்று முதல் நாள் சொன்னதிலிருந்து இன்றுவரை அவருக்கு நான் ‘சேர்வேயர்’தான். அவருடைய மனைவி தெரேசா இறந்து ஒன்பது வருடம், என்னுடையவள் போய்ப் பன்னிரண்டு. ஞாயிறு பூசை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரத்துக்கு நான் அங்கே போய்விடுவேன். அவர் மீன் காய்ச்சுவார், நான் பாத்திரம் கழுவுவேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் வீட்டுக்கு அருகிலுள்ள சதுப்பில், நாணலுக்குள்ளிருந்து அது எழும்பி நின்றதாம். முகம் இல்லையாம். கையை நீட்டி அவருக்கு வழி காட்டியதாம். இதை அவர் பக்கத்து வீட்டாரிடம் சொன்னார், பங்குச் சுவாமியிடம் சொன்னார், லெஸ்டரில் இருக்கும் மகள் ஜெனியிடம் தொலைபேசியில் சொன்னார். ஜெனி அவரை ஞாபகசக்திப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். இப்போது தன் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒழுங்கு செய்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முடிவு பேச வருகிறாள்.

என் கணக்கு இப்படி இருந்தது: சதுப்பில் உண்மையாகவே ஏதோ ஒன்று இருந்தால் சவிரி உள்ளதைத்தான் கண்டார். உள்ளதைக் கண்டவருக்கு மூளையில் பிழை இல்லை. பிழை இல்லாதவர் லெஸ்டருக்குப் போகத் தேவையில்லை. இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவர் போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமையில் போய்க் கதவைத் தட்ட எனக்கு லண்டனில் வேறு வீடு கிடையாது.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கித் தேநீர் வாங்கினேன். இரண்டு பவுண் தொண்ணூற்றைந்து. கிண்ணத்தில் முக்கால்வாசிதான் இருந்தது. அங்கிருந்து ஓவர்கிரவுண்ட் ரயிலில் சென்ட் ஜேம்ஸ் ஸ்ட்ரீட். பெட்டியில் என்னைத் தவிர இருவர், இருவரும் தூக்கம். சவிரியின் வீடு நிலையத்திலிருந்து நான்கு நிமிட நடை. விளக்குப் போட்டு, கையில் சுடுதண்ணீர்ப் போத்தலுடன் வாசலில் நின்றார்.

“என்ன சேர்வேயர், தொப்பியும் கோட்டும் பாத்தா நீங்கதான் அந்த மிருகம் போல கிடக்கு.”

“குளிர் உள்ள போகுது. கதவைச் சாத்துங்கோ.”

“நானும் வாறன்.”

“ஏலாது. வெளிய போறேல்லையெண்டு ஜெனிக்குச் சொன்னனீங்களெல்லே?”

“தனியப் போறேல்லையெண்டுதான் சொன்னனான். உங்களோட வந்தா எப்பிடித் தனிய?”

“வழக்காளியும் சாட்சியும் ஒண்டாப் போனா ஜெனி நம்புவாவோ?”

அவர் போத்தலை என் பைக்குள் திணித்தார். அதற்குள் தேநீர், சீனி போடாதது.

“ஒண்டு சொல்லிப்போட்டன். கரடி எண்டு மட்டும் வந்து சொல்லாதேங்கோ. மடு ரோட்டில பாலைப்பழக் காலத்தில நான் காணாத கரடியே? கரடி முதல்ல மூக்கை நீட்டும். இது கையை நீட்டினது.”

மடு என்றால் மன்னார்க் காட்டுக்குள் இருக்கும் மாதா கோயில். பாலைப்பழம் தின்னக் கரடிகள் அந்தப் பாதைக்கு வரும். சிறுவயதில் வருடாவருடம் நடந்தே போனவர் அவர். கை நீட்டிய கதையை நான் பெரிதாக எடுக்கவில்லை. சொல்லச் சொல்லக் கதைக்குக் கை முளைப்பது வழமைதானே.

கொப்பர்மில் லேன் வழியாக மேற்கே ஏறக்குறைய ஒரு மைல். வீடுகள் முடிந்து, நீர் சுத்திகரிக்கும் நிலையத்தின் வேலி முடிந்து, ரயில் பாதைக்குக் கீழே ஒரு தாழ்ந்த சுரங்க வழி வருகிறது. நாடாவால் அளந்தேன். ஐந்தடிக்குச் சற்று மேல். நானே குனிந்துதான் போனேன். ஏழடியான எதுவும் இந்த வழியால் ஊருக்குள் வருவதென்றால் மண்டியிட வேண்டியிருக்கும். இந்த எண்ணம் ஏனோ என்னைப் பயமுறுத்தவில்லை, கவலைப்படுத்தியது.

மறுபக்கம் லண்டன் இல்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் பழுத்த நாணல், அதன்மேல் படுத்துக் கிடக்கும் மூடுபனி, தூரத்தில் ரயில் பாலத்தின் வளைவுகள், அவற்றுக்கும் அப்பால் லீ நதி. கரையோரம் ஒடுங்கிய நீண்ட படகுகள் வரிசையாகக் கட்டியிருக்க, அவற்றின் தகரக் குழாய்களிலிருந்து விறகுப் புகை நேராக மேலெழுந்தது. கரைவரை நடந்தேன். ஒரு படகின் மேல்தட்டில் கம்பளி போர்த்திய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். இங்கே ஏதாவது விசித்திரமாகக் கண்டதுண்டா என்று கேட்டேன்.

“நீங்களும் அதைத் தேடித்தானா?” என்று சிரித்தாள். முன்னொரு காலத்தில், பனி கொட்டிய நாளில், தெற்கேயுள்ள வெளியில் பிள்ளைகள் கரடியைக் கண்டார்களாம். வாத்துகளைக் கீழிருந்து இழுத்துப்போகும் முதலை ஒன்று இருப்பதாகவும் பேச்சு உண்டாம். நாணலுக்குள் நிற்கும் சடை மனிதனைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருக்கிறாள். “எங்கள் படகுக்காரர்கள் ஒன்றைக் கண்டதாகச் சொல்வார்கள். குடித்திருந்தால் இரண்டு.” பிறகு என் சப்பாத்தைப் பார்த்து, “தனியாகவா வந்தீர்கள்?” என்று கேட்டாள். ஆம் என்றேன். “கவனம்” என்றாள். அந்த வாரத்தில் என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்ன முதல் ஆள் அவள்.

சதுப்பின் நடுவே மரப்பலகைப் பாதை ஒன்று போகிறது. பலகைகள் ஈரம், வழுக்கும். கிழக்கே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. விழுந்து இடுப்பு முறிந்தால் யார் எப்போது காண்பார்கள் என்று யோசித்தபடி பலகைகளை எண்ணி நடந்தேன். இருநூறைத் தாண்டியபோது இடது பக்கம், பதினைந்தடி தூரத்தில், நாணல் அசைந்தது. காற்று இல்லை. பிறகு நாணலில் ஒரு பகுதி மட்டும் மெல்ல உயர்ந்தது. தோள் வந்தது. தோளிலிருந்து சடை சடையாகத் தொங்கியது. தலை இருந்த இடத்தில் முகம் இல்லை.

எண்ணிக்கை விட்டுப்போயிற்று. “ஐயோ முருகா!” என்று கத்தினேன்.

“சார், சார், கத்தாதீங்க! பறவை போயிடும்!” என்றது அது. பிறகு, “அட, தமிழா?” என்று தலையைக் கழற்றியது.

உள்ளே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர், மூக்குக் கண்ணாடியுடன். மதுரைக்காரர், ஏதோ வங்கியில் கணினி வேலை. நாணலுக்குள்ளேயே ஒளிந்து வாழும் ஒருவகைக் குருகைப் படம் எடுக்க நான்கு மாதமாக விடியற்காலைகளில் வந்து காத்திருக்கிறாராம். இலையும் சணலும் தொங்கும் அந்த உடுப்பை இணையத்தில் நாற்பது பவுணுக்கு வாங்கினாராம். “பறவையை இன்னும் பாக்கல சார். மனுஷங்கதான் என்னைப் பாத்துட்டு ஓடுறாங்க.”

நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்கச் சொல்லி நாடாவை நீட்டினேன். அவர் சிரித்தாலும் நின்றார். ஆள் ஐந்தடி ஒன்பது அங்குலம். தலையுறையில் செருகிய நாணல் ஒன்பது அங்குலம். ஏறி நின்ற மரக்குற்றி ஆறு அங்குலம். மொத்தம் ஏழடி. அரையிருட்டில் சவிரி கண்ணால் போட்ட மதிப்பு ஓர் அங்குலமும் பிசகவில்லை! அந்த ஈரப் பலகையில் நின்று நான் கைதட்டினேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மூன்று வாரங்களுக்கு முன் இங்கே ஒரு வயதானவர் வந்தாரா என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரிஞ்சவரா சார்? நல்லா இருக்காரா? அன்னிக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடல.”

“ஏன்?”

“கால்ல செருப்புகூட இல்ல சார். முழங்கால் வரைக்கும் சேறு. நான் எழுந்து நின்னதும் எல்லாரும் ஓடுவாங்க, அவர் ஓடல. பக்கத்துல வந்து, ‘தம்பி, மடுவுக்கு இந்தப் பாதை போகுமோ’ன்னு கேட்டாரு. தமிழ்ல! நான் தமிழன்னு அவருக்கு எப்படித் தெரியும்? முகத்தையே மூடியிருந்தேனே. மனைவி முன்னாடி போயிட்டாங்க, நேரமாயிடுச்சுன்னாரு. மடுன்னா ஏதோ தெருப் பேருன்னு நினைச்சு, லீ பிரிட்ஜ் ஸ்டேஷன் பக்கமா கையைக் காட்டினேன். மனசு கேக்காம பின்னாடியே போனேன். சுரங்கம் தாண்டி வீடுங்க பக்கம் திரும்பிட்டாரு.”

எந்தப் பக்கம் காட்டினீர்கள் என்று கேட்டேன். மீண்டும் கையை நீட்டினார். அந்த விரலின் நேரே அப்போதுதான் சூரியன் மேலே வந்திருந்தது.

திரும்பி நடந்த ஒரு மைலும் நான் எதையும் எண்ணவில்லை. ‘சதுப்பில் ஓர் ஆள் இருக்கிறார், ஏழடி, அளந்தேன்’ என்று மட்டும் ஜெனியிடம் சொன்னால் போதும். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிஞ்சும். ஆனால் இன்னொரு விடியலில் சவிரி மறுபடி மடுவுக்குப் புறப்பட்டு, அன்றைக்கு அந்த இளைஞர் வராமல் இருந்தால்? லீ நதி அங்கிருந்து இருநூறு யார் தூரம். கரையில் வேலி இல்லை.

சவிரி இரண்டு முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.

“இருக்குதோ?”

“இருக்குது.”

“எத்தினை அடி?”

“ஏழு.”

“பாத்தியளே!” என்று அகப்பையால் அடுப்பில் தட்டினார். “என்ர கண்ணைப் பற்றி என்ன நினைச்சியள் எல்லாரும்?”

இருக்கச் சொன்னேன். மிச்சத்தையும் சொன்னேன், செருப்பில்லாத கால் உட்பட. அவர் முதலில் அடுப்பை அணைத்தார். பிறகு மேசையில் கைகளை வைத்துக்கொண்டு கேட்டார்.

“மடுவெண்டே கேட்டனான்?”

“ஓம்.”

“தெரேசா முன்னால போறா எண்டும்?”

“ஓம்.”

ஒரு ரயில் போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

“அவன் காட்டின பக்கம் சரியோ, சேர்வேயர்?”

எழுபத்தெட்டு வயதில் எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் கடினமானது. விரலையும் சூரியனையும், லண்டனிலிருந்து மன்னார் கிடக்கும் திசையையும் நினைத்துப் பார்த்தேன்.

“கிழக்கு. கொஞ்சம் தெற்கு. ஏறக்குறையச் சரி.”

“அப்ப பொடியன் பிழையாச் சொல்லேல்லை” என்றார்.

மறுநாள் மதியம் ஜெனி வந்தாள். நான் சதுப்புக்குப் போனதை மட்டும் சவிரி அவளிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். கோட்டைக் கழற்றும் முன்பே என்மேல் பாய்ந்தாள். “அங்கிள், நீங்களுமே? இந்தக் குளிருக்க, இந்த வயசில! விழுந்திருந்தா ஆருக்குத் தெரியும்? உங்கட போனும் எப்பவும் ஓஃப்.” நான் வாயைத் திறக்குமுன் சவிரி முந்திக்கொண்டார்.

“அவரைப் பேசாத பிள்ளை. அவர் போய் அளந்துகொண்டு வந்தவர். அது ஒரு பொடியன், படம் எடுக்கிறவன். நான் அவனிட்ட மடுவுக்கு வழி கேட்டனான். வெறுங்காலோட.” சற்று நிறுத்தி, “நீ எனக்கு ஒழுங்கு செய்த அறைக்க யன்னல் இருக்கோ?” என்று கேட்டார்.

வாதாட ஆயத்தமாக வந்தவள் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். குழாய் நெடுநேரம் ஓடியது. அன்று பாத்திரம் கழுவ எனக்கு எதுவும் மிஞ்சவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் லெஸ்டருக்குப் போனார். இரண்டு சூட்கேஸ், ஒரு மாதா சுரூபம், மீன் சட்டி. சுடுதண்ணீர்ப் போத்தலை என்னிடமே விட்டுவிட்டார். கார் போனபின் எனக்கு உடனே ரயிலேற மனம் வரவில்லை. சதுப்புக்கு நடந்தேன். மதுரைக்காரர் அன்று வரவில்லை, அல்லது வந்து அசையாமல் இருந்தார். மூடுபனி கலைந்த பின் அந்த நிலம் சின்னதாகத் தெரிந்தது. நான்கு பக்கமும் கட்டடங்கள், பாரந்தூக்கிகள். ஆனாலும் நகரத்தின் நடுவே, ஓர் ஆள் வழி தவறுவதற்கும் இன்னோர் ஆள் எழுந்து நின்று வழி காட்டுவதற்கும் போதுமான இடம் அங்கே இருக்கிறது. ரெய்னர்ஸ் லேனில் தெருக்கள் நேரானவை, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு. அங்கே நான் வழி தவறியதும் இல்லை, யாரும் எனக்காக எழுந்து நின்றதும் இல்லை.

முதல் ஞாயிறு பன்னிரண்டரை மணிக்கு என் தொலைபேசி அடித்தது. அன்று அதை நிறுத்தாமல் வைத்திருந்தேன்.

“சேர்வேயர், இஞ்ச எனக்குத் திசை விளங்கேல்லை. கிழக்கு எந்தப் பக்கம்?”

“யன்னல் இருக்கெல்லே? காலமையில வெயில் உள்ள வருதோ?”

“கட்டில்ல விழுகுது.”

“அப்ப அதுதான். யன்னலைப் பாத்தபடி இருங்கோ.”

“கொஞ்சம் தெற்காலயும்?”

“கொஞ்சம் வலப்பக்கம்.”

கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. நானும் என்னுடையதைத் திருப்பிப் போட்டேன்.