குகதாஸ் அண்ணையின் றோசா

செய்தி வந்தபோது நான் எஸ்-பான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். ஹம்பேர்க்கிலிருந்து குகதாஸ் அண்ணையின் மகள் டிலானி அழைத்திருந்தாள். "அண்ணா, அப்பா விடியப் போயிட்டார்" என்றாள். நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தவர். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், இரண்டு நிலையம் தள்ளிப் போய் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலுக்காக நின்றபோதுதான் அழுகை வந்தது.

நாலாம் நாள் மறுபடி அழைத்தாள். "அப்பான்ரை கல்வெட்டுக்கு நீங்களும் ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ அண்ணா." நான் திருநெல்வேலிக்காரன். கல்வெட்டு என்றால் எனக்குக் கோயில் சுவர்தான் நினைவுக்கு வரும். இரண்டு பக்கத்தை எந்தக் கல்லில், யாரை வைத்து வெட்டுவார்கள் என்று கவலைப்பட்டு, "நாலு வரி போதாதாம்மா?" என்று கேட்டுவிட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்கிறார்களாம். குகதாஸ் அண்ணை இருந்திருந்தால் இந்தப் பகிடியை ஆறு மாதத்துக்குச் சொல்லித் திரிந்திருப்பார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தேர்த்திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நின்றவராகத் தெரியும். தபால் பொதிகளைப் பிரிக்கும் நிலையத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு, எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அதன் அஞ்சல் எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லும் மனிதர். பழைய நாலு இலக்க எண்ணையும் சேர்த்துச் சொல்வார். எனக்குத் தெரிந்த குகதாஸ் அண்ணை டோர்ட்மண்டில் ஒரு மதுக்கடையின் மூலையில் நின்றவர். யாரும் பதற வேண்டாம். அவர் அங்கே குடித்ததெல்லாம் ஆப்பிள் சாறு கலந்த சோடாதான். இதில் வரும் எல்லாவற்றையும் அவர் மனைவி இந்திராணி அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "ஒண்டையும் மறைக்காதேங்கோ தம்பி, மறைச்சுத்தானே பட்டனாங்கள்" என்றார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கி அந்தக் கடைக்குள் நுழைந்தேன். ஹெல்கா என்ற எழுபது வயது அம்மாள் நடத்தும் சின்னக் கடை. நாலைந்து முதியவர்கள் பியர் கிளாசை முறைத்தபடி இருந்தார்கள். மூலையில் இருந்து தமிழ் கேட்டது: "உதென்ன கேள்வி, விசரி!" பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நாள் முழுதும் ஆங்கிலமும் ஜெர்மனும் கேட்டுக் காய்ந்த காது எனக்கு. பாய்ந்து போய், "நீங்க தமிழா சார்?" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "பிறகு கதைப்பம் தம்பி. மண்ணிறம் போகுது."

அவர் முன்னால் நின்றது ஆள் உயரப் பெட்டி. நெற்றியில் ஸ்நூக்கர் மேசையின் படம், நடுவில் திரை, கீழே மூன்று பொத்தான்கள். உள்ளே பந்துமில்லை, கோலுமில்லை. இருப்பது கேள்விகள் மட்டும். சிவப்புப் பந்தென்றால் குழந்தைக்கும் தெரிந்த கேள்வி. ஒரு சிவப்பைப் போட்டால் ஒரு நிறப் பந்தைக் கேட்கலாம். அது கொஞ்சம் கடினம். சிவப்பெல்லாம் தீர்ந்தபின் மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு என்று ஏறிக்கொண்டே போகவேண்டும். தவறினால் வேறு கேள்வி கேட்கும். நேரம் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெண் குரல் அதன் பெயரை ஜெர்மனில் அழைக்கும். ஆங்கிலேயர்கள் செய்த பெட்டியை யாரோ ஜெர்மனுக்கு மாற்றியிருந்தார்கள். காசு போடும் வாயை ஹெல்கா எப்போதோ அடைத்துவிட்டார்.

மண்ணிறம் என்றால் பழுப்பு என்று எனக்குப் புரிய அடுத்த சனிக்கிழமை ஆயிற்று. இளஞ்சிவப்பை அவர் றோஸ் என்பார். பெட்டி றோசா என்னும், ஏனென்றால் ஜெர்மனில் அந்த நிறத்துக்குப் பெயர் அதுதான். "பாரும், இவளுக்கும் எங்கடை தமிழ் கொஞ்சம் வரும்" என்பார். பெட்டியை அவர் எப்போதும் 'இவள்' என்றுதான் சொல்வார்.

அந்தப் பெட்டிக்குக் காலம் நின்றுபோயிருந்தது. ஜெர்மனியின் பணம் எது என்று கேட்கும். மார்க் என்று சொன்னால்தான் விடும். இளைஞர்கள் வந்து யூரோவைத் தேடித் தேடிக் களைத்துப் போவார்கள். அண்ணை ஓரத்தில் நின்று தோள் குலுங்கச் சிரிப்பார். "நான் இஞ்சை வந்த காலத்திலையே இவள் நிண்டிட்டாள். அதுதான் எனக்கு இவளோடை கதைக்க லேசு" என்றார் ஒரு முறை. இன்னொன்றும் சொல்வார்: "தெரியாது எண்டதும் ஒரு விடைதான் தம்பி. இவளிட்டை அதுக்குத்தான் பொத்தான் இல்லை." எனக்கும் அந்தப் பொத்தான் கிடையாது என்பதைக் குத்திக்காட்டத்தான் சொன்னார். தெருவில் வழி கேட்பவர்களுக்குக்கூடத் தெரியாது என்று சொல்ல வராமல், எங்கேயாவது அனுப்பிவைக்கிற ஆள் நான்.

மூன்றாம் வருடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அவர் கறுப்பைப் போட்டுவிடுவார், சிவப்பில் தடுக்குவார். எந்த நாட்டின் பழைய பெயர் எது என்றால் யோசிக்காமல் அடிப்பார். ஓகஸ்டுக்குப் பிறகு வரும் மாதம் எது என்று கேட்டபோது, விரல் பொத்தான்களின் மேல் நின்று தேடி, ஒக்டோபரில் விழுந்தது. "கை வழுக்கிப் போச்சு" என்றார். பிறகு ஹெல்கா கிளாசின் அடியில் வைக்கும் வட்ட அட்டையை எடுத்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். ஆட்டம் முடிந்ததும் எந்த நிறத்தில் நின்றதோ அதன் பெயரை ஜெர்மனில் எழுதி, தேதியும் போட்டு, அட்டையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். இப்படி எல்லா வாரமும் செய்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஆராய்ச்சிக்காரனுக்கு அரிப்பு சும்மா இருக்குமா? அந்தக் கோடு எதற்கென்று அடுத்த சனிக்கிழமையும் கேட்டேன், அதற்கடுத்ததும் கேட்டேன். மூன்றாம் முறை என்னை வெளியே கூட்டிப்போய், சிகரெட் பிடிப்பவர்கள் நிற்கும் கூரையின் கீழ் சொன்னார். மறதி நோய், தொடக்கம். "டொக்டரிட்டை டெர்மீன் எடுக்க மூண்டு மாசம். இவள் கிழமைக்கு ஒருக்கா கேப்பாள். அதே கேள்விதான், மாறாது. போன கிழமை தெரிஞ்சது இந்தக் கிழமை தெரியேல்லையெண்டால் ஒரு கோடு."

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"இந்திராணி முதியோர் இல்லத்திலை வேலை, தெரியும்தானே. நாள் முழுக்கத் தங்கடை பேரே மறந்த சனத்துக்குச் சாப்பாடு தீத்திப்போட்டு வாறவள். வீட்டையும் வந்து அதையே பாக்கச் சொல்லுறீரோ? நீர் சொல்லமாட்டன் எண்டு வாக்குத் தாரும்."

கொடுத்தேன். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இப்படியொரு பாரம் வந்து ஏறும் என்று யார் கண்டது?

ஒரு மாதம் போயிருக்கும். அக்கா என்னைத் தேநீருக்கு அழைத்தார். பற்றிஸ் பொரித்து வைத்திருந்தார். அவர் சாப்பிடவில்லை. மேசையில் அந்த வட்ட அட்டைகள் வரிசையாகக் கிடந்தன. அண்ணையின் குளிர்கோட்டைத் தோய்க்கக் கொடுக்க எடுத்தபோது அதன் பைக்குள் கண்டாராம்.

இந்த ஊர் மதுக்கடைகளில் ஒருவர் குடிக்கும் ஒவ்வொரு பியருக்கும் அட்டையில் ஒரு கோடு போடுவது வழக்கம். அது அக்காவுக்கும் தெரியும். "ஏழு கோடு. ஏழு பியர்" என்றார் விரலால் தொட்டு. "இதிலை ஒம்பது. இதிலை என்ன எழுதியிருக்கெண்டு பாருங்கோ, 'ப்ளவ்'. நல்ல வெறியிலை இருந்தாராம், அதையும் தானே எழுதி வைச்சிருக்கிறார்." ஜெர்மனில் நீலத்துக்கு அதுதான் சொல், குடித்து நிலைதடுமாறியவனையும் அந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். "அதைக்கூட விடுவன். இதிலை றோசா. இதிலையும் றோசா. போன மாசம் மூண்டு கிழமையும் றோசா. தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. ஆர் அந்த றோசா?"

தேநீர் புரையேறிவிட்டது. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அது நிறம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி, அப்படியானால் கோடுகள் என்ன என்பதாகத்தான் இருக்கும். "தெரியாதுக்கா" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரியாது என்று சொன்னேன், அதுவும் பொய்.

அண்ணையிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "றோசாவாவே இருக்கட்டும் தம்பி" என்றார். "றோசா எண்டால் அவள் சண்டை பிடிப்பாள். சண்டை பிடிக்கிற ஆளுக்குப் பெலன் இருக்கும். மற்றதைச் சொன்னால் அப்பிடியே இருந்திடுவாள்." அவரோடு நான் போட்ட ஒரே வாக்குவாதம் அன்றைக்குத்தான். ஒரு மனிதர் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டு நிற்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? அவர் அசையவில்லை.

சண்டை அவர் நினைத்ததுபோல் வீட்டுக்குள் நிற்கவில்லை. ஒரு புதன்கிழமை அக்கா அழைத்து, "நான் நாளைக்கு ஹம்பேர்க் போறன். டிலானியோடை இருக்கப்போறன். இனி ஏலாது" என்றார். முப்பத்திரண்டு வருடக் குடும்பம். மறுநாள் முற்பகல் அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். கையில் பயணப் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார். "ரயிலுக்கு இன்னும் டைம் இருக்கில்லக்கா? வாங்க, ரோசாவக் காட்டுறேன்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஹெல்கா அப்போதுதான் கடை திறந்திருந்தார். அக்கா பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஹெல்காவை ஏற இறங்கப் பார்த்தார். "இவவோ?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு ஆடத் தொடங்கினேன். நான் மோசமான ஆட்டக்காரன். நான்காம் ஆட்டத்தில்தான், அரை மணி நேரத்துக்குப் பிறகு, நீலம் விழுந்தது. திரை முழுதும் இளஞ்சிவப்பாகி, அந்தப் பெண் குரல் இனிமையாக, "றோசா, பிட்டே!" என்றது, றோசாவைத் தயவுசெய்து வரச் சொல்வதுபோல். அக்கா திரும்பிக் கதவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், ஹெல்கா கோப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

சிரிப்பு அடங்கியது. கைப்பையிலிருந்து அட்டைகளை எடுத்தார். "அப்ப இந்தக் கோடுகள்?"

சொன்னேன். அவர் அழவில்லை. அட்டைகளைத் தேதிப்படி அடுக்கினார். மூன்று கோடு, நாலு கோடு, ஏழு, ஒன்பது. நோயாளியின் தாளைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்து முடித்தார். "வேலையிலை எண்டால் ஒரு ஆளோடை பத்து நிமிசம் கதைச்சாலே கண்டுபிடிச்சிடுவன் தம்பி. வீட்டிலை றோசாவைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறன்" என்றார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் தூக்கி வருகிறேன் என்றதற்கு விடவில்லை.

மூன்று வாரம் அண்ணை என்னோடு பேசவில்லை. நாலாம் சனிக்கிழமை அக்காவோடு வந்தார். "நீர் வாக்குத் தவறின ஆள்" என்றார் என் முகத்துக்கு நேரே. பிறகு, "சரி, இரும். இவ சிவப்பைப் பாப்பா, நான் நிறத்தைப் பாக்கிறன்" என்றார். அதன்பின் இரண்டு வருடத்துக்கும் மேல் அப்படித்தான். வாரத்தின் நாட்கள், மாதங்கள், நாயின் கால்கள் எல்லாம் அக்காவுக்கு; பழைய நாடுகளும் பழைய தலைநகரங்களும் அவருக்கு. அக்கா விடை தெரிந்தாலும் உடனே அமுக்கமாட்டார். அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் காத்திருப்பார். வந்தால் அவரே அமுக்கட்டும் என்று. சண்டையும் பிடிப்பார்கள், நல்ல சத்தமாக. ஹெல்கா ரசித்துப் பார்ப்பார்.

கடைசி ஆறு மாதம் கேள்விகள் அவருக்குப் பிடிபடவில்லை. குரல் மட்டும் பிடித்திருந்தது. ஒரு சனிக்கிழமை அக்கா அவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, அண்ணை அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "றோசா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா ஒரு கணம்கூட நிறுத்தவில்லை. "ஓம், சொல்லுங்கோ" என்றார். கடைசிவரை அந்தப் பெயரை அவர் திருத்தவே இல்லை.

செத்தவீட்டில் சனம் கலைந்தபின் அக்கா என்னைப் பக்கத்தில் இருத்தினார். "நீங்கள் அண்டைக்குச் சொல்லியிராட்டில், அவர் என்னை அடையாளம் கண்ட மிச்ச நாளை நான் ஹம்பேர்க்கிலை கோவிச்சுக்கொண்டு இருந்தே முடிச்சிருப்பன்" என்றார்.

குகதாஸ் அண்ணையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, அவருக்குக் கொடுத்து நான் மீறிய அந்த வாக்குதான். அதற்காக அவரிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் இன்று எழுந்து வந்து நின்றாலும் கேட்கமாட்டேன்.