சாச்சாவின் தனித்தட்டு

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் பசுந்தாங் பேட்டையில் என் கடை எங்கே என்று பஸ் கண்டக்டரைக் கேட்டாலும் வழி சொல்வான். துணிமூட்டையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்று, எவன் கையையும் எதிர்பாராமல் எழுப்பிய கடை. படித்தவர்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். இன்று எனக்கு மாடியில் தனி அறை. கை நடுங்கிச் சிந்துகிறது என்று மருமகள் சாப்பாட்டையும் அறைக்கே அனுப்பிவிடுகிறாள்.

போன வாரம் தட்டைக் கொண்டுவந்த பேத்தி, வாசலில் நின்றபடியே ஒரு வெளிநாட்டுக் கதையைப் பாதி பர்மியத்தில் சொன்னாள். கல்லூரிப் பாடமாம். குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்டவன் ஒருநாள் காலையில் பூச்சியாகிக் கிடக்கிறான். வீட்டார் அவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அந்தப் பூச்சி எதைக் குறிக்கிறது என்று எழுத வேண்டுமாம். அது வியாதி என்கிறாள் ஒரு சிநேகிதி; மாடு மாதிரி உழைக்கிற பிழைப்பு என்கிறாள் இன்னொருத்தி.

"போபோ, ஒங்களுக்கு என்ன தோணுது?" இங்கே பர்மியர்கள் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எத்தனையோ பேர் வாயை அடைத்த நான் தட்டைப் பார்த்தேன். சாச்சா நினைவுக்கு வந்துவிட்டார்.

சாச்சா என் வாப்பாவின் தம்பி. அலோன் படகுத்துறையில் மூட்டை தூக்கினார். வாப்பாவுக்கு இளைப்பு நோய். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது சாச்சாவின் முதுகால்தான். எங்கள் ஆட்கள் ஒரே சகனில் சாப்பிடுகிறவர்கள். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்துக் கறியை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துத் தின்போம். சாச்சா வந்து உட்காராமல் யாரும் கைவைக்கக் கூடாது. தன் பக்கத்துக் கறியை என் பக்கம் தள்ளி, "தின்னுடா, நாளைக்கு மூட்டை தூக்க வேணாமா" என்பார்.

ஒரு மழைநாளில் படகுக்குப் போட்டிருந்த பலகை வழுக்கி மூட்டையோடு விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. முதலில் சகனை அவர் பாய்க்கு அருகே கொண்டுபோனோம். பிறகு படுக்கைப்புண் வந்தது, நாற்றம் வந்தது. கல்யாணத்துக்கு நின்ற மாமி, வாப்பாவின் தங்கை, சோற்றில் கைவைத்ததும் குமட்டி எழுந்து போவாள். வாப்பா சாக்குகளைத் தைத்து மூலையை மறைத்தார். உம்மா நீலப்பூப் போட்ட ஒரு தட்டில் தனியாகச் சோறு போட்டு, சாக்குக்கு அடியில் தள்ளினாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வாப்பாவுக்குக்கூட அந்த வீட்டில் தனித்தட்டு கிடையாது.

நோன்புப் பெருநாளன்று மாமியைப் பெண் கேட்டு வந்தவர்கள் எங்களோடு சகனில் உட்கார்ந்தார்கள். சாக்குக்குப் பின்னால் என்ன என்று கேட்டார்கள். "பழைய சாமான்" என்றார் வாப்பா.

சாக்கு அசைந்தது. சாச்சா முழங்கையைத் தரையில் ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வந்தார். தலையில் பெருநாள் தொப்பி. அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்பார்.

"காக்கா, கொஞ்சம் நவுந்து உக்காருங்க."

"ஒன் தட்டுதான் அங்கேயே வருதே" என்றார் வாப்பா.

"தட்டு வருது. ஆளு வரக் காணோமே."

வந்தவர்கள் பாதிச் சோற்றில் கைகழுவினார்கள். வாப்பா சாச்சாவை அக்குளில் பிடித்துப் பின்னுக்கு இழுத்துப் போனார். தொப்பி சகன் அருகிலேயே கிடந்தது.

அதன்பிறகு தட்டு போனபடியே திரும்பி வந்தது. உம்மா சாக்குக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சினாள், அதட்டினாள். உள்ளே போய் ஒரு வாய் ஊட்டியிருந்தால் தின்றிருப்பாரோ என்னவோ. அடுத்த மழைக்கு முன்னால் சாச்சா மௌத்தாகிவிட்டார். அடக்கம் முடிந்ததும் வீட்டில் எல்லாருக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது போலிருந்தது. மாமிக்கும் வேறு இடத்தில் பேச்சு நடந்தது.

பாயையும் சாக்கையும் வாப்பா எரித்தார். தட்டை எறியப் போனபோது நான் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். அதில்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்து, சாச்சாவின் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரிய மனிதனைப் போல ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

சகனைச் சுற்றி இருந்தவர்கள் யாரும் சோற்றில் கைவைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.