அம்மாவின் ஆடும் என் ஆடும்

தங்கள் இனத்துக் கதைகளை வெளியிட பர்மாவின் கரேன் இனத் தம்பதி ஒருவர் ரங்கூனை அடுத்த இன்சீனில் தொடங்கிய சிறு பதிப்பகத்தில் வேலை பார்க்கிறேன். கதை சொன்னவர் அதை முழுக்கக் கேட்டுச் சம்மதித்தால்தான் அங்கே அச்சேறும். இப்போது மற்ற இனத்தார் கதைகளும் வருகின்றன. என் முதல் தமிழ்ப் புத்தகம் அம்மா சொன்னது: ரயிலேறிய ஓர் ஆட்டின் கதை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் பட்டமும் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை முழுவதையும் எட்டுப் பக்கங்களில் இறக்கியிருந்தேன். பதிப்பாளரம்மா பக்கத்தில் இருக்க, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“நல்லா இருக்கு. யாரு சொன்ன கதை?” என்றாள் அம்மா.

“நீ சொன்னதும்மா!”

“நானா? என் ஆடு டிக்கெட் கேட்டவரு தொப்பியத் தின்னுச்சு. உன் ஆடு எதுக்குடி நிலாவப் பாத்து அழுவுது?”

பதிப்பாளரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. “என்ன சொல்றாங்க?” என்று பர்மியில் கேட்டார். ‘நல்லா இருக்காம்’ என்று மட்டும் சொன்னால் புத்தகம் அச்சுக்குப் போய்விடும். அது பொய்யும் இல்லை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, ஆடு தொப்பியைத் தின்றதைச் சொன்னேன்.

என் பர்மிய மொழிபெயர்ப்பை முகம் அசையாமல் படித்திருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அந்த ஆட்டை எழுது.”

பட்டதாரி நான் பென்சிலை எடுத்தேன். “தொப்பி என்ன கலரும்மா?”